காலைக் காரணம் காட்டி

முட்டைக்கார சாலமோன் நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கெட்டவர் என்று சொன்னாலும் வரும். அவரை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், அதே வார்த்தையில் என்னையும் முடிக்க வேண்டியிருக்கும். அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

என் பெயர் ஆதிகேசவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தேன். நிலையத்துக்கு எதிரே சாலமோனின் முட்டை மண்டி. புதுவாயலிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் கொண்டுவரும் முட்டைகளை வாங்கி, உமி பரப்பிய கூடைகளில் அடுக்கி, காலை பாசஞ்சரில் பட்டணத்துக்கு அனுப்புவார். கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை. அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் விளக்கு எரியும். பெட்டியில் முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு துளை. ஒவ்வொரு முட்டையையும் அதில் வைத்துப் பார்ப்பார். உள்ளே ரத்தப் பொட்டு தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். அவர்கள் மதத்தில் அதைச் சாப்பிடக் கூடாது.

"நீங்களா சாப்புடப் போறீங்க? பட்டணத்து ஓட்டல்காரன்தான அண்ணே சாப்புடப் போறான்?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"என் கையால போறது கேசவா" என்றார். அத்தனை சுத்தம் பார்க்கிற மனிதர். அவர் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரில் பாதிப் பேர் அவரைக் கிறிஸ்தவர் என்றே நினைத்துக்கொண்டு டிசம்பர் மாதத்தில் கேக் கேட்டார்கள். அவர் யூதர். மலையாள தேசத்துப் பரவூர்க்காரர். மனைவி சிம்ஹாவையும் தம்பி மோசஸையும் கூட்டிக்கொண்டு முப்பதுகளிலேயே இங்கே வந்துவிட்டவர். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குள் மலையாளம், வாசலைத் தாண்டினால் நம்ம பேச்சு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கடை கிடையாது.

மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணனும் தம்பியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டணம் கிளம்புவார்கள். அங்கே யூதர்களுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது, பள்ளி என்பார்கள். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சில ஜெபங்களைச் சொல்லலாம். செத்தவர்களுக்கான ஜெபமும் அதில் ஒன்று. ஒன்பது பேர் இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இவர்கள் இருவரும் போனால்தான் பட்டணத்தில் பத்து சேரும். சாலமோனுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஐம்பத்து நாலில் பரவூரிலும் எர்ணாகுளத்திலும் இருந்த அவர்கள் ஜனம் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கிளம்பியது. போவதா இருப்பதா என்ற சண்டை எங்கள் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது.

"ரெண்டாயிரம் வருசமா பண்டிகைக்குப் பண்டிகை 'அடுத்த வருசம் எருசலேம்'னு சொல்லிக்கினு கீறோம். இப்ப கதவு தொறந்துக்கீது. இன்னும் இன்னாத்துக்கு அண்ணே இங்க குந்திக்கினு கீற?" என்றான் மோசஸ்.

"ஆண்டவன் அனுப்புறவரு வந்து கூப்டணும்டா. ஆபீசுக்காரன் ஃபாரம் குடுத்துக் கூப்டா போயிட்றதா? பத்துப் பேரு எங்க கூடுறமோ அதான் நம்ம தேசம். இந்த ஊருல எவனாச்சும் நம்ம மேல கல்லு எறிஞ்சானா?"

"கல்லடி பட்டாத்தான் சொந்த ஊட்டுக்குப் போவணுமா?"

"போய்ட்டுத் திரும்பி வந்த நம்ம பம்பாய் ஜனத்தக் கேளு. நம்ம நெறத்துக்காரனுக்கு அங்க மரியாத எப்டின்னு சொல்லுவாங்க."

பழவேற்காட்டு வியாபாரி கிஃபாயத்துல்லா பாய் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருந்தார். சாலமோனின் பல வருடச் சிநேகிதர். "நான் ஒண்ணு கேக்கறேன் மோசஸு. நீங்க போற எடத்துல ஏற்கெனவே குடியிருந்தவங்க இன்னா ஆனாங்க?" என்றார். மோசஸ் தரையைப் பார்த்தான். அண்ணன் கூடையில் உமியைப் பரப்பத் தொடங்கினார்.

கதவோரம் வலது காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு சிம்ஹா உட்கார்ந்திருந்தார். யானைக்கால். முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கிக் கிடக்கும். "எனக்கு உங்க ஞாயம்லாம் வேணாம். சாவறதுக்குள்ள அந்த மண்ணுல கால் வெக்கணும். அவ்ளோதான்" என்றார்.

"எந்தக் கால? இந்தக் காலயா?" என்று கேட்டுவிட்டு சாலமோன் சிரித்தார். நானும் சிரித்தேன். சிம்ஹா அக்கா சிரிக்கவில்லை.

அது வெறும் கிண்டலும் இல்லை. யானைக்கால் தங்கள் நாட்டில் பரவிவிடும் என்று அங்கே பயந்துபோய், மலையாள தேசத்து யூதர்களைச் சில வருடங்கள் வரவிடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பிறகுதான் மனம் இளகியது. யாரைச் சேர்ப்பார்கள், யாரைக் கழிப்பார்கள் என்று கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு யாருக்குத் தெரியும்?

மோசஸ் மூன்று பேர் பெயரிலும் விண்ணப்பம் எழுதிப் போட்டான். அவனுக்கு முதலில் உத்தரவு வந்தது. அந்த வருடக் கடைசியில் பம்பாய் போய் விமானம் ஏறினான். வழியனுப்ப அண்ணன் ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை. இருட்டறையில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெற அங்கேயே வந்து நின்ற தம்பியிடம், "நீ ஒருத்தன் போவல. பத்த ஒம்போதாக்கிட்டுப் போற" என்று மட்டும் சொன்னார்.

ஐம்பத்தைந்து பொங்கல் முடிந்த வாரம், இஸ்ரேலுக்கு ஆள் அனுப்பும் பம்பாய் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாலமோனுக்கு எபிரெயமும் மலையாளமும் படிக்க வரும், ஆங்கிலம் வராது. பார்சல் அறையில் வைத்து நான்தான் படித்துச் சொன்னேன். கணவன் மனைவி இருவரும் வரலாம். மனைவியின் வலது கால் வீக்கம் தடையல்ல, அங்கே சிகிச்சை உண்டு. ஏப்ரல் மாதத்துக்குள் பம்பாய் வந்து சேரவும்.

சாலமோன் பார்சல் தராசின் தட்டை ஒரு விரலால் அழுத்திவிட்டார். "நானும் போயிட்டா எட்டுப் பேருதான். பட்டணத்துல பள்ளியப் பூட்டிடுவாங்க கேசவா" என்றார். பிறகு, "இவ கேட்டா, காலக் காரணம் காட்டி முடியாதுன்ட்டாங்கன்னு சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டா."

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கேன் வம்பு என்று தோன்றியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போவது எனக்கும் பிடிக்கவில்லை. மறுநாள் சிம்ஹா அக்கா கேட்டபோது, "காலக் காரணம் காட்டியிருக்காங்கக்கா" என்றேன். அவர் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். அழவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கால் அவருக்கு எதிரியாகிவிட்டது. பிண்டத் தைலம் தேய்த்தார். உப்பை வறுத்து ஒற்றடம் கொடுத்தார். பட்டணத்துக்குப் போய் மருந்து வாங்கி வரச் சொன்னார். எதற்கும் வீக்கம் வடியவில்லை. பங்குனியில் என்னை மடக்கி, "கேசவா, காலு எளச்சுப் போச்சுன்னா மறுபடி எழுதிப் போடுவியா?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. "எழுதலாம்கா" என்றேன்.

முட்டை கொண்டுவரும் குப்பம்மாள் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியனைச் சொன்னாள். கத்தியால் கீறிக் கெட்ட நீரை வடியவிட்டு, பச்சிலை வைத்துக் கட்டுவானாம். கோழி வாங்கப் போவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு, சிம்ஹா இரண்டு தடவை அவளோடு போய்வந்தார். கால் கொஞ்சம் இளைத்ததுபோல இருந்தது. ஸ்டேஷன் வரைக்கும் நடந்துவந்து என்னிடம் காட்டினார். மூன்றாவது தடவை கீறிய இடம் கறுத்துவிட்டது.

ஜுரத்தில் உளறத் தொடங்கிய பிறகுதான் சாலமோன் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மிஞ்சிவிட்டது என்றார்கள். அங்கே சிம்ஹா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எளச்சிடுச்சா கேசவா?" என்று கேட்டார். சாலமோன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மறுநாள் விடிந்ததும் சிம்ஹாவின் உயிர் போனது. ஆடி மாதம். பெரியபாளையத்துக்குப் போகிற வண்டிகள் வேப்பிலை கட்டிக்கொண்டு சாலையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அவர்கள் வழக்கப்படி அன்றே அடக்கம் செய்ய வேண்டும். பட்டணத்தில் யூதர்களின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதில் ஆறு பேர் வந்தார்கள். மற்றவர்கள் பம்பாய்க்கோ, மோசஸ் போன வழியிலோ போய்விட்டிருந்தார்கள். சாலமோனோடு ஏழு. அவர் எண்ணினார். வாசலைப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணினார்.

கிஃபாயத்துல்லா பாய் தன் ஆட்கள் இருவரோடு வந்திருந்தார். "நாங்க மூணு பேரு கீறோம் சாலமோனு. நிக்கறோம்" என்றார்.

"நில்லு பாய். ஆனா எண்ணிக்கையில சேராது."

ஜெபம் சொல்லப்படவில்லை. பத்துப் பேர் கூடுகிற இடம்தான் தேசம் என்று தம்பியிடம் வாதாடிய மனிதர், மனைவிக்குச் சொல்ல வேண்டிய ஜெபத்தை விழுங்கிக்கொண்டு நின்றார்.

அவரிடம் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. அப்பா கொடுத்த எருசலேம் மண். அவர்களில் யாராவது இறந்தால் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்மேல் வைப்பார்கள். முகத்துணியை விலக்கி, அந்தப் பையை அப்படியே சிம்ஹாவின் கண்களின்மேல் கவிழ்த்தார். வந்திருந்தவர்களில் ஒரு கிழவர், "உனக்கு வேணாமா?" என்று கேட்டார். சாலமோன் பையை உதறிக் கடைசித் துகளையும் கொட்டினார். நான்கு வருடம் கழித்து அவர் செத்தபோது கண்ணில் வைக்க எதுவும் இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்தக் கடிதம்தான்.

"படி."

"வேணாம் அண்ணே."

"அவளுக்கு நீதான சொன்ன? இப்ப சரியாச் சொல்லு."

குழியின் விளிம்பில் நின்று படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கணவன் மனைவி இருவரும் வரலாம். வலது கால் வீக்கம் தடையல்ல. அங்கே சிகிச்சை உண்டு.

"சத்தமாப் படி" என்றார் சாலமோன். "காலப் பத்தி எழுதிக்கீறத மட்டும் இன்னொரு தடவ படி."

படித்தேன்.