பொய்ச்சாட்சியை ஒதுக்கும் அருவி

ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு அருவியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து சுற்றுலா வேன் கிளம்பியது, மனைவி என் பெயரையும் சேர்த்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்கு வந்த முதியவர் என்னைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். பண்ணையில் உழைத்தவர்களின் பழைய வழக்கம் அது.

"குத்தகை விசாரணைக்கு எங்க ஊருக்கு வந்தீங்களே ஐயா" என்றார்.

நினைவு வந்தது. உழுகிறவர் பெயரைக் குத்தகைதாரராகப் பதியச் சட்டம் வந்திருந்த காலம். தகப்பன் காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத இவர், மிராசுதார் எதிரிலேயே நின்றதால், "நான் வெறும் கூலியாளுங்க" என்றார். பயத்தில் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கினேன். நடைமுறையில் ஒரு பிழை கிடையாது. நிலம் மட்டும் அவர் கையைவிட்டுப் போயிற்று.

காட்டுக்குள் இறங்கும்போது வழிகாட்டி கதை சொன்னார். பொய்ச்சாட்சி சொன்னவர் தலையில் இந்த அருவி விழாதாம், ஒதுங்கிக்கொள்ளுமாம். முதியவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லோரும் குளித்து முடித்த பிறகுதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு போய் நின்றார். தண்ணீர் அவர் தலையில் கொட்டித் தீர்த்தது.

"விழுவுதுங்க ஐயா! எம்மேல விழுவுது! நீங்களும் வாங்க!"

"எனக்குச் சளி" என்றேன். மூடநம்பிக்கைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

திரும்பும்போது அவருடைய துண்டு தோளிலேயே கிடந்தது. வேனில் தலை நனையாத ஆள் நான் ஒருவன்தான்.