அண்ணனோடு பாடுகிறவர்கள்

அண்ணனுக்குக் காரியம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அண்ணன் பெயரைப் போட்டு, இவர் இப்போது ஒருவரோடு சேர்ந்து பாடியிருக்கிறார், கேளுங்கள் என்று அவன் பாட்டைக் கேட்பதற்காக நான் போட்டுவைத்திருந்த பாட்டு ஆப்பிலிருந்து செய்தி வந்திருந்தது. 

அந்த ஆப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜோடிப் பாட்டில் ஆண் குரல் வரிகளை மட்டும் பாடி, முகத்தோடு பதிவு செய்து, பெண் குரல் வரிகளைக் காலியாக விட்டுவைக்கலாம். எந்த ஊரிலிருந்தோ யாரோ வந்து மிச்சத்தைப் பாடுவார்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பாடியதுபோல் ஆப் அதை ஒட்டிக் கொடுத்துவிடும். அண்ணன் இப்படி அரைப் பாட்டுகளாக ஏகப்பட்டது பாடி விட்டுவைத்திருந்தான். பாடியவன் இருக்கிறானா போய்விட்டானா என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியாது.

அரியமங்கலத்தில் அவனுக்கு லேத் பட்டறை. பகலெல்லாம் இரும்புச் சத்தத்தில் கிடந்துவிட்டு, எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்து குளித்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வான். பதிவில் இரைச்சல் வருமென்று ஃபேனை நிறுத்திவிடுவான். அவன் முடிக்கும்வரை அண்ணி குக்கர் வைக்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது. வேர்த்து ஊற்ற வெளியே வந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்பான். "பசிக்குது" என்பாள் அண்ணி.

எனக்கும் அவனுக்கும் தினம் காலையில் ஆளுக்கொரு பாட்டு அனுப்பிக்கொள்ளும் பழக்கம். கூடவே ஒரு சண்டையும். மூலப் பாட்டை அச்சுப் பிசகாமல் பாடிக் காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஜெராக்ஸ் எடுக்கத் தொண்டை எதற்கு என்பேன். இப்போது வருகிற பாட்டெல்லாம் நான் காபியை ஆற்றுவதற்குள் முடிந்துபோகிறது என்பேன். "உனக்கு வயசாயிடுச்சு பாப்பா" என்பான். ஐம்பது தாண்டியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான்.

என் வாயை அடைப்பதற்கென்றே ஒரு தடவை வேலை செய்தான். ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் கிழியப் போடுகிற ஒரு குத்துப் பாட்டு. அதைத் தாளமே இல்லாத பின்னணி இசையில், மெதுவாக, வரிக்கு வரி மூச்சு விட்டு, ஆண் வரிகளை மட்டும் பாடி ஆப்பில் போட்டு எனக்கும் அனுப்பினான். கிண்டல் செய்யலாமென்றுதான் கேட்க ஆரம்பித்தேன். முடியவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் ஆடிய பாட்டுக்குள் இவ்வளவு அழுகை இருந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. "ஒப்பாரி மாதிரி இருக்குண்ணே. இதுல யாரும் வந்து சேர மாட்டாங்க" என்று பதில் போட்டேன். யாரும் சேரவும் இல்லை.

பிறகு மாரடைப்பு. தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பஸ்ஸில் எனக்கு வந்தது அந்தக் குத்துப் பாட்டுதான். குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சேர்ந்து பாடியிருந்தாள். இயர்போனை மாட்டினேன். அண்ணன் ஒரு வரி பாடி நிறுத்தினான். அவள் பாடும்போது தலையைச் சாய்த்துக் கேட்டான், கடைசியில் லேசாகச் சிரித்தான். என்றைக்கோ வெறும் இசையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு. அவள் இழுத்த இழுப்புக்கு அது அவ்வளவு சரியாகப் பொருந்தியது. எனக்குப் பயமாக இருந்தது, நிறுத்தவும் மனம் வரவில்லை.

பாட்டுக்குக் கீழே பார்த்தேன். அண்ணன் கணக்கிலிருந்து ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தது. "நல்லா பாடுனம்மா. சுருதி சேந்துருக்கு." எல்லோருக்கும் அவன் எழுதுகிற அதே வார்த்தைகள். சில நிமிஷத்துக்கு முன்புதான் எழுதியிருந்தது.

ஜங்ஷனில் எனக்கிருந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தாள். படுக்கையறையில் ஃபேன் ஓடவில்லை. மத்தியான வெயிலில் அறை வெந்துகொண்டிருந்தது. கட்டில்மேல் அண்ணன் போன் சார்ஜில் கிடந்தது.

"அண்ணி, அண்ணன் போன்லேருந்து யாரு எழுதுறது?"

"நான்தான்." அவள் மறைக்கவே இல்லை. "பாட்டு வந்தா அவரு பதில் போடாம இருக்க மாட்டாரு. பாவம், அவங்க காத்துட்டு இருப்பாங்கல்ல."

"அண்ணன் போனது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இறந்துபோன மனுஷன் பேரில் முகம் தெரியாதவர்களோடு பேசுவதாவது! "இது தப்பு அண்ணி. நாலு வரி நான் எழுதித் தரேன், இப்படி ஆயிடுச்சுன்னு போட்டுடுவோம்."

அண்ணி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போடலாம். எல்லாரும் அழுவுற பொம்மை போடுவாங்க. ரெண்டு நாளைக்கு. அப்புறம்? செத்த ஆளோட ஜோடி சேந்து யாரு பாப்பா பாடுவாங்க? இன்னும் எவ்வளவோ பாட்டு பாதியில நிக்குது. ஒவ்வொருத்தரா வந்து பாடுறப்ப அவரு முகமே வேற மாதிரி இருக்கு. நான் தனியா போட்டுப் பாத்தா அப்படி இல்ல. சும்மா வாயைத் திறந்து மூடுறாரு."

அந்த முகத்தைப் பஸ்ஸில் நானே பார்த்துவிட்டுத்தானே வந்திருந்தேன்.

அவள் மடியில் போன் அதிர்ந்தது. குவைத் பெண்தான். அண்ணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அண்ணா, ரொம்ப நாளா புதுசா எதுவும் பாடலையே. உடம்பு நல்லாத்தானே இருக்கீங்க?"

 இத்தனை நாள் இதயமும் இரண்டு வார்த்தையும் போட்டுச் சமாளித்தவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "என்ன சொல்லட்டும் பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டுமென்று வந்தவள் நான். அவள் போனை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொண்டை கட்டியிருக்குன்னு போடுங்க அண்ணி. சரியானதும் பாடுறேன்னு போடுங்க."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். பதில் உடனே வந்தது. "ஐயோ அண்ணா, பால்ல மிளகும் மஞ்சளும் போட்டுச் சூடா குடிங்க. அண்ணிகிட்ட சொல்லுங்க, போட்டுத் தருவாங்க."

அண்ணி அதைத் திரும்பவும் ஒரு தடவை படித்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். எனக்குக் காபி போடப் போகிறாள் என்று நினைத்தேன். மிளகு தட்டுகிற சத்தம் கேட்டது.

கொண்டுவந்தது ஒரே ஒரு டம்ளர். ஜன்னலோரம் அண்ணன் பாட உட்காருகிற நாற்காலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் வைத்தாள். என் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.  பாலில் மெல்ல ஏடு படிய ஆரம்பித்தது.

"ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள் அண்ணி.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.