சேற்று வளைவும் யுவராணியின் வின்ச்சும்

யுவராணி என் தம்பி மாதேஷின் மனைவி. தம்பி என்று சொல்லவே இப்போதெல்லாம் வாய் கூசுகிறது. ஆனால் அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் அவனையும் சொல்லித் தொலைக்கத்தான் வேண்டும். கல்யாணத்தின்போது நகை வேண்டாம், அப்பாவின் பழைய ஜீப்பைக் கொடுத்தால் போதும் என்று கேட்டு வாங்கி வந்தவள் அவள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பின்பக்கக் கூண்டை எடுத்துவிட்டு மூட்டை ஏற்றத் தோதாகத் தகரம் அடித்து வைத்திருந்தாள். வத்தல்மலையில் தார் ரோடு முடிந்த பிறகும் மேலே போகவேண்டிய ஊர் எங்களுடையது. அங்கிருந்து சாமந்தியைத் தருமபுரி மார்க்கெட்டுக்கு இறக்குவது அவள் பிழைப்பு. என் காட்டுப் பூவும் அதில்தான் போகும்.

ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஒரு வளைவு. ஊரெல்லாம் வெடித்துக் கிடக்கிற கோடையிலும் அந்த வளைவில் மட்டும் முழங்கால் சேறு இருக்கும். மேலே இருப்பது ராஜப்பன் காடு. பயிருக்குத் தண்ணீர் பாய்ந்ததும் வால்வைத் திருப்பி மிச்சத்தை ரோட்டில் விட்டுவிடுவான். பக்கத்து மர நிழலில் அவன் டிராக்டர் நிற்கும். வண்டி சிக்கியதும் சங்கிலியோடு வந்து, "அடடா, மாட்டிக்கிச்சுங்களா" என்று பல்லை இளிப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவனிடம்கூடக் காசு வாங்காமல் இழுத்துவிட மாட்டான். இது ஊருக்கே தெரியும். ஆனால் நாளைக்கு உழவு ஓட்ட அவன் டிராக்டர்தானே வரவேண்டும் என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தச் சேற்றைவிட இந்த ஊமைத்தனம்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ராஜப்பன் எங்கள் வண்டியை ஆற அமர இழுத்துவிட்டதில் மார்க்கெட்டுக்கு வெயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பூவை எடுக்கிற மண்டிக்காரர் மாதவராஜ் முகத்தைச் சுளித்தார்.

"ஆயுத பூஜை வருதும்மா. அப்ப இப்பிடி வந்தீங்கன்னா எறக்கவே மாட்டேன். வேற ஆளுங்க பூவோட வரிசையில நிக்கறாங்க."

அந்த மண்டி போனால் அவளுக்கு வண்டியும் போன மாதிரிதான். திரும்பி வரும்போது யுவராணி சொன்னாள், "அண்ணி, நம்ம வண்டிக்கு ஒரு வின்ச் மாட்டிடலாங்க. நம்மளே கயித்தை மரத்துல கட்டி இழுத்துக்கலாம். இவன் மூஞ்சியில முழிக்க வேண்டியதில்ல."

வின்ச் வாங்கக் கிளம்பிய பிறகுதான் ஊரில் இன்னும் எத்தனை ராஜப்பன்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாதேஷ் நாள் முழுக்கப் போனில் படம் பார்த்துவிட்டு, ரிமோட்டை அமுக்கினால் இழுக்கிற கரண்ட் வின்ச்தான் வேண்டும் என்று நின்றான். அதற்காகச் சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். கடைப் பையன் எதைக் கேட்டாலும் பவுண்டிலேயே பேசினான். கிலோவில் சொல் என்றால் போனை நோண்டினான்.

"வெறும் வண்டி எடை வேணாங்க. பாதிச் சக்கரம் சேத்துல, மேல பூ மூட்டை. அப்ப இழுக்குமா?" என்று யுவராணி கேட்டாள்.

"அதெல்லாம் சூப்பரா இழுக்கும் மேடம்."

"வண்டி வாசல்லதான் நிக்குது. பிரேக்கைப் போட்டு வெக்கறேன். இழுத்துக் காட்டுங்க."

"டப்பாவைப் பிரிச்சா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் மேடம்."

விலை குறைவு என்று ஒன்றைக் காட்டினான். வாங்கும் நிலைக்கு வந்தபோது, பழைய பேட்டரி தாங்காது, பெரிய பேட்டரி போடவேண்டும், அதற்குத் தக்க வயரும் மாற்றவேண்டும் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தான். இன்னொரு கடையில் ஓட்டை உடைசலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். யுவராணி நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட் நகத்தோடு வந்தது. கடைக்காரன் சிரித்தான். வெட்கங்கெட்டவன்.

கடைசியில் மாரண்டஹள்ளியில் ஆரோக்கியராஜ் என்பவரைப் பிடித்தோம். போர்வெல் குழிக்குள் இருந்து மோட்டாரைத் தூக்குகிற தொழில். பெரிய இயந்திரம் வாங்கிவிட்டதால் பழைய கை வின்ச்சை விற்கப் போட்டிருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் திரும்பி இரும்புக் கயிறு உருளையில் ஏறும். அவ்வளவுதான்.

"மெதுவாத்தான் இழுக்கும்மா. தோள்பட்டை வலிக்கும். கயித்துல ரெண்டு எடத்துல இழை வுட்டிருக்குது, அதை மாத்தாம தொடாதீங்க. அறுந்துச்சுன்னா மூஞ்சியில அடிக்கும்," என்றார். கேட்காமலே, தன் வண்டியை லோடோடு பள்ளத்தில் இறக்கி, வின்ச்சை மரத்தில் கட்டி இழுத்தும் காட்டினார். இத்தனை அலைச்சலில் தன் சாமானில் என்ன குறை என்று வாயால் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். யுவராணி அங்கேயே முடித்துவிட்டாள். மாதேஷுக்கு மூஞ்சி தொங்கிப்போனது. கிணற்று ராட்டினத்தை வண்டியில் மாட்டினால் மானம் போகிறது என்றான். என்னமோ அதுவரை மானம் மூட்டை மூட்டையாக வைத்திருந்தவன் மாதிரி.

புதுக் கயிறு போட்டு, தருமபுரியில் ஒரு பட்டறையில் வண்டியின் முன்பக்கம் சேஸியோடு சேர்த்து மாட்டினோம். கைப்பிடி தனியாகக் கழன்று வரும். அதை யுவராணி தன் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த முறை சிக்கியபோது அவளே இறங்கி, வளைவைத் தாண்டி நிற்கிற பலா மரத்தில் பட்டை உரியாமல் பழைய டியூபைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சுற்றினோம். வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறியது. சங்கிலியோடு வந்த ராஜப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். இளிப்பு மட்டும் இல்லை.

பிறகு அவள் எதிரில் சிக்கிய எல்லா வண்டியையும் இழுத்துவிட்டாள். பால் வண்டி, ரேஷன் வண்டி, கல்யாணத்துக்கு வந்த வேன். காசு வாங்கமாட்டாள். "நாங்களும் இந்த வழியிலதானுங்க போவணும்" என்பாள். டிராக்டர் சும்மா நின்றது. கொஞ்ச நாளில் தண்ணீரும் நின்றது. வளைவு காய்ந்து நடக்கிற மாதிரி ஆனது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வருஷத்திலேயே சாமந்திக்கு நல்ல விலை கிடைக்கிற நாள். விடியும்போதே கழுத்துவரை மூட்டை ஏற்றிக் கிளம்பினோம். அந்த வாரம் பொட்டு மழை இல்லை. ஆனால் வளைவில் பழையபடி முழங்கால் சேறு. முன்சக்கரம் இறங்கிவிட்டது. யுவராணி சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். கைப்பிடி இல்லை. மூட்டைகளைப் புரட்டித் தேடினோம். எங்கும் இல்லை.

டிராக்டர் வந்தது. "கைப்பிடியைக் காணோமுங்களா?" என்றான் ராஜப்பன்.

நாங்கள் அவனிடம் கைப்பிடி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யுவராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காசை எடுத்துக் கொடுத்தாள். அவன் எங்களுக்குப் பின்னால் வந்து சிக்கிய இரண்டு வண்டிகளை முதலில் இழுத்துவிட்டு, பீடி குடித்து முடித்து, பிறகு எங்களிடம் வந்தான்.

மார்க்கெட்டில் மாதவராஜ் மூட்டையைத் தொடவே இல்லை. "சொன்னேன் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். அங்கே இங்கே கேட்டும் யாரும் எடுக்காததால் அத்தனை பூவையும் திரும்ப மலைக்கு ஏற்றினோம்.

மூட்டைகளை அவர்கள் மாட்டுக் கொட்டகையில் இறக்கும்போது சோளத்தட்டுப் போருக்குள் ஒரு சாக்குச் சுருள் என் காலில் இடித்தது. பிரித்தேன். கைப்பிடி. மாதேஷைக் கூப்பிட்டேன்.

"பூஜைக்குத் தேய்ச்சு வெக்கலாம்னுதான் எடுத்தேங்க்கா," என்றான்.

"தேய்க்கறதைத் தட்டுக்குள்ளதான் ஒளிப்பாங்களாடா?"

காலால் தரையைத் தேய்த்தான். "ராஜப்பன் அண்ணன் இழுக்கற காசுல பாதிக்குப் பாதி தர்றேன்னாருக்கா. இவ ஊருக்கெல்லாம் சும்மா இழுத்து வுடறா. நம்ம வண்டி எப்பிடியும் தாண்டிடும்னு நெனச்சேன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். யுவராணிதான் என் கையைப் பிடித்தாள். "வுடுங்க அண்ணி," என்றாள்.

மறுநாள் பூஜை. மாதேஷ் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வண்டியைக் கழுவி வின்ச்சுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் எதுவுமே நடக்காத மாதிரி. மூட்டைக்குள் வெந்துபோன சாமந்தி நாற்றம் கொட்டகையிலிருந்து வாசல்வரை அடித்தது.

"ஏ யுவராணி, வண்டிக்கு மாலை எங்க?" என்று குரல் கொடுத்தான்.

அவள் ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்தாள். வாயை அவிழ்த்து அவன் காலடியிலேயே கொட்டினாள். கறுத்து, கொழகொழவென்று, சாறு வடிந்து, அவன் புது வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

"ராஜப்பன் அண்ணனுக்குப் பாதி குடுத்தனுப்புங்க," என்றாள். "மீதி உங்க பங்கு."

கைப்பிடியை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் காலை உதறிக்கொண்டே என்னைப் பார்த்துத் துணி கேட்டான். நான் கொடுக்கவில்லை.