காது மங்கிய படம்

என் தம்பியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், கேமராவைத் துடைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்வேன். அதற்கு மேல் என்னைக் கிளறாதீர்கள்.

அவன் போட்டோகிராபர். கடைத்தெருவில் அவனுக்குப் 'புது மாடல்' என்று பெயர். எதிர்க்கடை மருந்துக்காரர் வைத்த பெயர் அது. நக்கலுக்குத்தான் வைத்தார். இவனோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். நான் அவனுக்கு அக்கா. ஸ்டுடியோவில் படத்தை அச்செடுப்பது, அளவு பார்த்து வெட்டுவது, கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் வேலை. அவன் எடுக்கிற ஒவ்வொரு படமும் என் கண்ணில் பட்டுத்தான் வெளியே போக வேண்டும். போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ தெரியவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் சுமாராகத்தான் எடுப்பான். அதில் தப்பில்லை, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா அவன் கேமராவை மேலும் கீழும் பார்த்து, "இது பழசாச்சே தம்பி, எங்க வீட்டுப் பையன்கிட்டயே இதைவிடப் புதுசு இருக்கு" என்று சொல்லி வைத்தார். சொன்னவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். இவன் மண்டைக்குள் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கல்யாணத்துப் படங்களில் பாதியில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அதைப் பற்றி இவன் இன்றுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு கேமரா, நடுநடுவே லென்ஸ். ஒவ்வொன்று வந்ததும் கடை வாசலில் நின்று எதிர்வீட்டுச் செங்கல் சுவரைப் படம் எடுப்பான். லென்ஸ் எவ்வளவு துல்லியம் என்று பார்க்கச் சுவர்தான் வசதியாம், அசையாதாம். எங்கள் ஊரிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்டது அந்தச் சுவர்தான். கட்டிய கொத்தனார்கூட அதை அத்தனை தரம் பார்த்திருக்க மாட்டார். படத்தைக் கணினியில் போட்டு, செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சிமென்ட்டைப் பெரிதாக்கி, "பார்த்தியாக்கா, மணல் மணலாத் தெரியுது" என்பான். மணலைப் பார்க்க எந்தக் கஸ்டமர் வருகிறார் என்று கேட்டால், எனக்கு ரசனை கிடையாது என்பான்.

வீட்டிலும் அதே லட்சணம்தான். கேமராக்களுக்கு ஈரம் படக்கூடாது என்று மின்சாரத்தில் ஓடும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்திருக்கிறான். பிள்ளைகள் படுக்கிற அறைச் சுவரில் மழைக்கு ஈரம் ஊறி, சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்கிறது. "அண்ணி, அந்தப் பெட்டிக்குள்ள என் பசங்க ரெண்டு பேரும் படுக்க இடமிருக்குமான்னு உங்க தம்பிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவன் பொண்டாட்டி. நான் அப்படியே கேட்டேன். பெட்டியை அடிக்கடி திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும் என்று பதில் சொன்னான்.

புதுக் கேமராவே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பறக்கிற பறவையை எடுக்கிறவனுக்கும், ஓடுகிற பந்தை எடுக்கிறவனுக்கும் தேவைப்படலாம். இவனுடைய பிழைப்பு பாஸ்போர்ட் படம். கஸ்டமர் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதையே ஒழுங்காக எடுக்கத் தெரியாத கைக்கு எதைக் கொடுத்து என்ன ஆகப் போகிறது!

அந்தச் சமயத்தில்தான் தையல்காரப் பெண் வந்தாள். எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஜாக்கெட் தைக்கிறவள், அதிகம் பேசமாட்டாள். புருஷன் வெளிநாட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மகள் பிறந்து ஆறேழு மாதம் ஆகிறது, அவன் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறான். குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்குக் கம்பெனி வீடு கொடுக்கிறதாம். புருஷனின் முறை வந்துவிட்டது. அந்த மாதத்துக்குள் பெண்டாட்டி பிள்ளைக்கு விசா விண்ணப்பம் போய்ச் சேரவில்லையென்றால், வீடு அடுத்த ஆளுக்கு. மறுபடி முறை வர இரண்டு வருஷம்கூட ஆகலாம். தாய்க்குப் படம் தயாராக இருந்தது. குழந்தைக்கு ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கைக்குழந்தையின் பாஸ்போர்ட் படம் எவ்வளவு கஷ்டம் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். பின்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியக்கூடாது, பிடித்திருக்கிற கை தெரியக்கூடாது. ஒரு காதிலிருந்து மறு காது வரை முகம் தெளிவாக இருக்க வேண்டும். இவ்வளவும் ஒரே நொடியில் அமைய வேண்டும். அந்த நொடிக்குக் காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

என் தம்பி அப்போதுதான் பெரிய வாய் வைத்த லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தான். அதை முழுதாகத் திறந்து எடுத்தால் ஒரு மெல்லிய அடுக்குதான் தெளிவாக விழும், முன்னும் பின்னும் புகைமூட்டம். பூவை எடுத்தால் அழகாக இருக்கும். குழந்தை முகத்தை அப்படி எடுத்தால் இமை முடி எண்ணலாம், காது இருக்கிற இடம் தெரியாது.

"லென்ஸைக் கொஞ்சம் மூடி வெச்சு எடுடா. காது தெரியணும்" என்றேன்.

"இவ்வளவு பெரிய லென்ஸை வாங்கி மூடி வெச்சு எடுக்கவா? காரை வாங்கி யாராவது தள்ளிட்டுப் போவாங்களா?"

"விசாவுக்குப் போற படம்டா இது."

"கண்ணைப் பாருக்கா, கண்ணை! எப்படி வந்திருக்கு!"

விசா ஆபீசிலிருந்து படம் திரும்பி வந்தது. முகம் முழுவதும் தெளிவாக இல்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? மறுபடி எடுக்கவில்லை. கணினியில் ஏதோ ஒரு புது மென்பொருளைப் போட்டு, இல்லாத காதை அதுவாகவே வரையச் சொன்னான். பிறந்த குழந்தைக்குப் பெற்றவள் கொடுத்த காது இருக்க, இவன் ஒரு காது செய்து ஒட்டினான். திருத்தப்பட்ட படம் என்று அதுவும் திரும்பி வந்தது.

மூன்றாவது தடவை ஒரு புது ஃப்ளாஷைக் கொண்டுவந்து நிறுத்தினான். வெளிச்சம் விழுந்ததும் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு வீறிட்டது. பாவம், தூங்கி எழுந்த பிள்ளை. இவன் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "சப்ஜெக்ட் அசையுது, நல்லாப் பிடிங்க" என்றான். குழந்தைதான் அவனுக்குச் சப்ஜெக்ட். பெற்றவள் முகம் சிவந்துவிட்டது. எனக்கு வெட்டுக் கத்தரியை எடுத்து அவன் மேல் எறியலாம் போலிருந்தது. கடைசியில், "இதுக்கு வேற லென்ஸ்தான் சரி. ஆர்டர் போட்டிருக்கேன், நாளைக்கு வந்துடும். நாளைக்கு வாங்க" என்றான்.

"நாளைக்குத்தாண்ணா கடைசி நாள்" என்றாள் அவள்.

"வந்துடும்ங்கறேன்ல."

மறுநாள் காலை அவன் கடையில் இல்லை. பார்சல் இன்னும் கூரியர் ஆபீசிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டான். தையல்காரப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "அவருக்கு போன் பண்ணி, வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடச் சொல்லிடவாக்கா?" என்று கேட்டாள்.

கடையைப் பூட்டினேன். "வாடி என் கூட" என்றேன்.

பக்கத்துத் தெருவில் இன்னொரு ஸ்டுடியோ இருக்கிறது. நடத்துகிறவள் என் வயதுக்காரி. அவள் கேமராவின் பிடி உடைந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறாள். 'டேப்புக்காரி' என்று என் தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அது அவள் காதுக்கும் போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"என்ன, வேவு பார்க்கச் சொல்லி உன் தம்பி அனுப்பினானா?"

"நான் வந்தது அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"குதிப்பான்."

"குதிக்கட்டும். நீ வாசல்லயே நில்லு, வெளிச்சத்தை மறைக்காம ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பினாள். "பாப்பா பால் குடிச்சாளா?"

"இன்னும் இல்லைங்க."

"முதல்ல குடு. அவசரமில்ல."

பால் கொடுத்து முடிந்ததும், வாசலை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் வெள்ளைத் துணியை விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தாள். தாயைப் பெஞ்சின் தலைமாட்டுப் பக்கம் போகவிடவில்லை. தன் தோளுக்கு நேர் பின்னால் நிற்கச் சொன்னாள், கூப்பிடாமல் சும்மா நிற்கச் சொன்னாள். பிறகு ஒன்றும் செய்யவில்லை. கேமரா கழுத்தில் தொங்குகிறது, இவள் குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கே பொறுமை போய், "எடுக்கலையா?" என்றேன்.

"வாயை மூடு" என்றாள். குழந்தையைச் சொல்கிறாளோ என்று பார்த்தேன், என்னைத்தான் சொன்னாள். அப்புறம் தாயிடம் மெதுவாக, "உங்க பொண்ணு எப்பவும் வாயைத் திறந்துதான் வெச்சிருக்கா. ஆனா எச்சில் விழுங்கறப்போ மட்டும் மூடறா. மூடிட்டு ஒரு தடவை உங்களைத் தேடறா" என்றாள்.

கேமராவைத் தூக்கினாள். குழந்தை எச்சில் விழுங்கியது. தாயைத் தேடிக் கண்ணை அகல விரித்தது. பழைய கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மறுபடி காத்திருந்து இன்னொன்று எடுத்தாள். "போதும், தூக்கிக்கோங்க" என்றாள்.

என் தம்பியிடம் அது மாதிரி ஒரு கேமரா இருந்தது. பழசாகிவிட்டது என்று தள்ளிவிட்டான்.

அன்றைக்கே படத்தை விசா விண்ணப்பத்தில் ஏற்றினோம். மறுநாள் சாயங்காலம் தையல்காரப் பெண் படியில் பாதி தூரம் இறங்கி நின்று, "ஏத்துக்கிட்டாங்கக்கா!" என்று கத்தினாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அச்செடுக்கிற மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் தம்பி உள்ளே புது லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் எங்கே போனேன் என்பதை மருந்துக்கடைக்காரர் அதற்குள் போட்டுக் கொடுத்திருந்தார்.

"என் கஸ்டமரைக் கூட்டிக்கிட்டு அவ கடைக்குப் போனியா? நீ சொந்த அக்காதானா?"

"படம் ஏத்துக்கிட்டாங்களாம்."

துடைக்கிற கை நின்றுவிட்டது. சரி, இப்போதாவது எப்படி எடுத்தாள் என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் ஒன்று விடாமல் சொல்லியிருப்பேன்.

"அவ எந்த மாடல் வெச்சிருக்கா?" என்றான்.

"டேப்பு சுத்தின மாடல்."

"டேப்புக்குள்ள என்னன்னு கேக்கறேன். லென்ஸை மாத்தியிருப்பா. சும்மா அந்த மாதிரி வராது."

நான் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்தக் குழந்தையை ரெண்டு தடவை உட்கார வெச்சு எடுத்தியே. அது ஆணா, பொண்ணா?"

"இது என்ன கேள்வி? பையன்தான்" என்றான். நான் அவனையே பார்த்தேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "பையன்தானே?" என்றான்.

அவன் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தான் எடுத்த படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். கண்ணின் பாப்பா திரை முழுவதும் வந்தது, இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. படத்தை ஓரமாக நகர்த்திக் காதுப் பக்கம் போனான். தையல்காரப் பெண் மகளுக்குப் பொட்டாய் ஒரு தோடு போட்டிருந்தாள். அந்த இடத்தில் வெறும் புகை.

"இதுல தெரியலையேக்கா" என்றான்.

மேலே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே குழந்தை ஏதோ மழலையில் கத்தியது. ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவன் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான்.