நல்ல நிறம்

போன ஞாயிறு, பாரிஸின் லா சப்பலில் ஒரு தேநீர்க்கடை. எதிரே சுகந்தி. பக்கத்தில் குளோதில்த் — பாண்டிச்சேரிக்காரர், ஆய்வுக்கூடத்தில் வேலை. இருவரையும் அறிமுகப்படுத்தியது நான்தான். ஏன்டா செய்தோம் என்றிருக்கிறது இப்போது.

சுகந்தியின் மகளுக்கு நாலு வயது. இரத்தத்தில் ஈயம். வாயாடியாக இருந்த பிள்ளையின் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. எல்லோரும் சுவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். பாரிஸின் பழைய வீடுகளில் பெயின்ற் உதிர்ந்தால் அப்படித்தானே? சுகந்தி வீட்டையே மாற்றிக்கொண்டு புறநகரான கார்ஜ் லே கொனெஸுக்குப் போனார். புதுச் சுவர், புதுப் பெயின்ற்... ஈயம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பிறகுதான், சாப்பாட்டில் இருக்குமோ என்று, அவருடைய சமையலறைப் பொடிகளை வாங்கிக் குளோதில்த்திடம் கொடுத்தேன். மருந்துத் துகள்களின் மேற்பூச்சை எக்ஸ்ரேயால் ஆராய்வது அவர் வேலை. கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடுமாம். எந்த உலோகம், துகளில் எந்த இடத்தில் என்று படமே போட்டுவிடலாம்.

குளோதில்த் லப்டொப்பைத் திருப்பினார். மஞ்சள்பொடியின் ஒரேயொரு துகள், பல மடங்கு பெரிதாக. நடுவில் கறுப்பு, ஓரம் முழுக்கச் சிவப்பு.

"உள்ள இருக்கறது நல்ல மஞ்சள்தாம்மா. சுத்திச் செவப்பா காட்டுதே, அதுதான் ஈயம். நெறம் எடுப்பா தெரியணும்னு மேல பூசியிருக்காங்க."

எங்கள் வழக்கம் தெரியுமே! ஊருக்கு யார் போனாலும், திரும்பும் சூட்கேஸில் எங்களுக்கு ஒரு பொடிப்பை வரவேண்டும். இங்கத்தைக் கடைப் பொடிக்கு நிறம் போதாதாம். இதுவும் அப்படித்தான் — சந்தையில் நிறம் பார்த்து, அன்போடு வாங்கி வந்தது.

பூசியவன் யாரோ. முகம் தெரிந்திருந்தால் அச்சில் ஏற்ற முடியாத தமிழில் இந்தப் பத்தியை எழுதியிருப்பேன்.

சுகந்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயித்துக்குத்து எண்டு அழுவாள் அண்ணை. பாலுக்குள்ளை மஞ்சள் போட்டுக் குடுப்பன். சுகம் வரேல்லை எண்டு கண்டா, இன்னும் கொஞ்சம் கூடப் போடுவன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"இத நிறுத்திட்டா ரத்தத்துல கொறையும்மா," என்றார் குளோதில்த்.

"ஓம். பிள்ளையின்ரை பேச்சு?"

குளோதில்த் லப்டொப்பை மூடினார். "அத டாக்டர்தாம்மா சொல்லணும்."

துகளின் தோலை உரித்துக் காட்ட எக்ஸ்ரே உண்டு. பிள்ளையின் பேச்சு திரும்புமா என்று காட்ட எந்தக் கதிரும் இல்லை.

குழம்புக்கு நல்ல நிறம் என்று யாராவது புகழ்ந்தால், இனி மஞ்சள் எங்கே வாங்கியது என்றுதான் முதலில் கேட்பேன்.