மாணிக்க வெள்ளி

வெளிநாட்டு வெள்ளிச் சுரங்கம் ஒன்றில் நிலவியலாளனாகச் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வேலையை விட்டுத் தென்காசிக்குக் கிளம்பியபோது, கூட வேலை செய்த மொராக்கோக்காரர் ஒரு கல்லைப் பரிசாகத் தந்தார். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிது. பெயர் ப்ரூஸ்டைட். வெள்ளியும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். பூமிக்கடியில் கொதிக்கும் நீர் பாறை வெடிப்புகளில் ஏறி, ஆறும்போது விட்டுப்போகும் படிவங்களில் எப்போதாவது அகப்படும். மாதுளை முத்துப் போன்ற சிவப்பு. ஆனால் வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும். கறுப்புத் துணியில் சுற்றித் தகர டப்பாவில் போட்டுத் தந்தவர், "ஆசைப்பட்டு அடிக்கடி பார்க்காதே" என்று சொல்லி அனுப்பினார்.

நான் வந்து தங்கியது அக்கா வீட்டில். அத்தான் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலம் மெயினருவியில் கூட்டத்தை வரிசைப்படுத்தும் வேலை அவருக்குத்தான். ஓய்வுக்குப் பிறகு வரிசைப்படுத்த ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

டப்பாவில் என்ன என்று அவர் கேட்டபோது, சுரங்கக்காரர்கள் இதை 'மாணிக்க வெள்ளி' என்பார்கள் என்று சொன்னேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

அந்த வாரமே வாசுதேவநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்துக் குளிக்க வந்தார்கள். குளித்த தலை காயும் முன்பே மாணிக்கத்தைப் பார்க்க வீட்டு வாசலில் நின்றார்கள். அத்தான் சன்னல்களைச் சாத்தினார், திரையை இழுத்துவிட்டார்.

"லேடீஸ் மொதல்ல வாங்க. ஆளுக்கு ஒரு பார்வதான். பாத்தவுக அடுக்களை வழியா வெளிய போயிரணும்."

வந்தவர்களில் மூத்தவரான பெரியம்மை கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இது வெந்நியில வெளைஞ்ச கல்லாம்லா" என்று அக்கா விளக்கம் சொன்னாள். "அப்ப சூடு இருக்கும். குளுத்தணும்" என்றார் பெரியம்மை.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு வேலையாகத் திருநெல்வேலி போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினால், அக்கா என் முகத்தைப் பார்க்காமலேயே காப்பி கொடுத்தாள். மாடிக்குப் போனேன். வடகம் காயும் வேட்டியின் நடுவில் கல் கிடந்தது. இரும்புச் சட்டி நிறத்தில்.

"காலம்பற ஐந்தருவிக்குக் கொண்டுபோய் நனைச்சுட்டு வந்தேன். ஈரம் காயட்டும்னு வச்சேன்" என்றார் அத்தான். சீசன் முழுக்கச் சாரலடித்த ஊரில் அன்றைக்கென்று சுள்ளென்று வெயில்.

"வெளிச்சம் ஆகாதுன்னு அத்தன தரம் சொன்னேனே அத்தான்."

"லைட்டு வெளிச்சம்னுல்லா நெனச்சேன். கறுத்தா என்ன மாப்ளே, ஆசாரிட்ட குடுத்து வெளுத்துருவோம்."

வேண்டாம், இனி அதைத் தொடவே வேண்டாம் என்றேன். தலையாட்டினார். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது டப்பா காலியாக இருந்தது.

நகை ஆசாரியின் கடை இருக்கும் ரதவீதிக்கு ஓடினேன். தெருமுனையிலேயே பூண்டு வாடை வந்தது. ஆசாரி கல்லைக் கரித்துண்டின் மேல் வைத்து நெருப்பு ஊதிக்கொண்டிருந்தார். வெள்ளையாகப் புகை எழும்பியது.

"வெள்ளப்பூடு வாசம்லா அடிக்கி" என்று அத்தான் குனிந்து முகர்ந்தார்.

"அது ஆர்சனிக் புகை. விஷம். எல்லாரும் வெளிய வாங்க."

விஷம் என்றதும் அத்தானுக்குள் இருந்த ஏட்டு எழுந்துவிட்டார். ஆசாரியை ஒரு கையால் தூக்கி வெளியே நிறுத்தினார். பக்கத்துக் கடைகளைக் காலி செய்தார், ஆட்டோக்களைத் திருப்பிவிட்டார், விரலை வாயில் வைத்து விசிலடித்தார். என்னவென்று கேட்டவர்களுக்கு "ஒண்ணுமில்ல, அங்கன நில்லு" என்று மட்டும் பதில். ஓய்வு பெற்ற பிறகு அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஆசாரி விடாமல் இருமினார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என்ன புகையைச் சுவாசித்தார் என்று டாக்டர் கேட்டதற்கு, நான் வாயைத் திறக்குமுன் அத்தான் சொன்னார்: "மாணிக்கம்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். மத்தியானம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்.

கடைக்குத் திரும்பினோம். புகை போயிருந்தது. கரித்துண்டின் மேல் மிளகளவு உருண்டைகள் வெள்ளையாக மின்னின. ஆசாரி இடுக்கியால் ஒன்றை எடுத்து உரசிப் பார்த்தார். "தம்பி, இது வெள்ளியால்லா இருக்கு."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "உள்ள வெள்ளி இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லலயே மாப்ளே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உருண்டைகளைப் பொதிந்துகொண்டேன். வழியில் அவர் பைக்கை ஓரமாக நிறுத்தினார். "அந்த ஆளு ஆசையாக் குடுத்தது. நான் கெடுத்துப்புட்டேன். நீ என்னைய நாலு வார்த்த வஞ்சிரு" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது.

வீட்டுக்கு வந்ததும் மொராக்கோக்காரரைப் போனில் கூப்பிட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மறுமுனையில் அவர் மூச்சுத் திணறச் சிரித்தார். இத்தனை வருடத்தில் ஒன்றையாவது எரித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசைதானாம், மனசு வரவில்லையாம். உருண்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற அத்தான் என் தோளைத் தொட்டார். "கோவமா இருக்காரா?"

"இல்ல அத்தான். சிரிக்காரு."

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இன்னொண்ணு கெடைக்குமான்னு கேளு" என்றார்.