கடைசிப் பெட்டியில் நின்றவர்

நெவில் குரோலிக்கு எழுபத்தொன்பது வயது. புதன்கிழமைகளில் பழைய ரயில் படங்களைச் சேகரிக்கும் சங்கத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரென்றால், மதியம் சாசேஜ் ரோல் வந்து சேரும்வரை வாய் மூடமாட்டார். பேச்சு முழுக்க இன்ஜின்தான். ஆஸ்திரேலியாவில் நியூகாசில் ரயில் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படத்தில் எண் தெரியாவிட்டாலும் போகட்டும். புகைபோக்கியின் விளிம்பையும், சக்கரங்களையும், பின்னால் வரும் கரித்தொட்டியின் வடிவத்தையும் பார்த்து, இது இன்ன வகை இன்ஜின், இன்ன வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பென்று யாராவது நிரூபித்துவிட்டால் அன்றைக்கு அவருக்குக் காது கேட்காது. அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

இந்தக் கதை நெவிலைப் பற்றியது அல்ல. ஆனால் எந்தக் கதையிலும் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிற ஆள் அவர், என்ன செய்வது?

கதை நோலீன் டகனைப் பற்றியது. சங்கத்து மேஜையின் கோடியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காருவாளே, அவள். உடுப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவள். இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு முறையும் டகன் என்ற பேரை விட்டுக்கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு புதன்கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "எனக்கும் ஏதாச்சும் வேலை குடுங்க" என்றாள். அங்கே இருந்த ஒன்பது ஆண்களும் டீ போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். டீ போட ஏற்கெனவே ஷர்லி இருந்தாள். ரயில்களைப் படமெடுத்தே காலத்தைக் கழித்துச் செத்துப்போன மெர்வினின் மனைவி. மெர்வினின் நெகட்டிவ் பெட்டிகள் மொத்தமும் சங்கத்துக்கு வந்தபோது, கூடவே ஷர்லியும் வந்துவிட்டாள்.

படங்களில் அடையாளம் காண வேண்டிய இன்ஜின்களையெல்லாம் ஆண்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவை வேகன்கள்தான். ஆட்டை ஏற்றும் இரண்டடுக்கு வேகன், கோதுமை வேகன், கரி வேகன், தார்ப்பாய் போட்ட திறந்த வேகன். யாருக்கும் வேண்டாத அந்தச் சரக்கு நோலீனுக்கு வந்தது. பழைய பட்டறை வரைபடங்களை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் படித்தாள். கதவில் எத்தனை பலகை, கம்பி எந்தச் சாய்வில் போகிறது, பெயிண்ட் எப்போது மாறியது என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். துணியின் நூலோட்டம் பார்த்துப் பழகிய கண் அல்லவா, சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

ஆனால் அவள் தேடியது வேகன் இல்லை. வேகன் வரிசையெல்லாம் முடிந்த பிறகு, ரயிலின் வாலில் ஒரு பெட்டி வரும்: கார்டின் வண்டி. சரக்கு ரயிலின் கார்டு அதில்தான் நிற்பார். நோலீனின் அப்பா கிளாரி டகன் கார்டாக இருந்தவர். குடல்வால் வெடித்து அவர் இறந்தபோது நோலீனுக்கு மூன்று வயதுகூட முடியவில்லை. அம்மா தெல்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நராப்ரையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். ஐம்பத்தைந்தாம் வருஷத்து வெள்ளம் அந்த வீட்டுக்குள் புகுந்து, கல்யாணப் படம் உட்பட அம்மாவின் பெட்டியை மொத்தமாக அள்ளிக்கொண்டு போயிற்று. அப்பாவுக்குச் சொந்தபந்தம் கிடையாது. கப்பலில் தனியாக வந்த பையன். ஆகவே அந்த மனிதர் முகம் இன்னபடி இருந்தது என்று காட்ட உலகத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சவில்லை. அம்மாவைக் கேட்டால், "நல்ல மனுஷன்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த வார்த்தையோடே அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

ரயில் பைத்தியங்கள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறார்களே, ஏதாவது ஒன்றில் அப்பா இருக்கமாட்டாரா என்பதுதான் நோலீனின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பைத்தியங்களின் குணம் அவளுக்கு அப்போது தெரியாது. தண்டவாள ஓரத்தில் வெயில் படும் பக்கமாக நின்று, இன்ஜின் நேரே வரும்போது ஒரு படம் எடுப்பார்கள். ஃபிலிம் விலை அதிகம், காமிராவில் அடுத்த படத்துக்குச் சுற்ற நேரமாகும். சுற்றி முடிப்பதற்குள் முப்பது வேகனும் போய்விடும், கார்டும் போய்விடுவார். தப்பித் தவறி வால் விழுந்த படத்தை இருட்டறையில் வெட்டித் தள்ளிவிடுவார்கள். யாராவது மனிதர் குறுக்கே நின்றால், சிலிண்டரை மறைத்துவிட்டான் என்று திட்டுவார்கள். இத்தனை வருஷம் இத்தனை பேர் படம் எடுத்தும், ரயிலில் போன மனிதர்களை ஒருவரும் பார்க்கவில்லை. இதைவிட அபூர்வமான குருட்டுத்தனம் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

மெர்வினின் பெட்டிகளில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. கை நழுவிய படங்கள், தாமதமாக அழுத்திய படங்கள் எல்லாம் அதில் கிடந்தன. நெவில் அவற்றைக் கடனே என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாவற்றுக்கும் 'இன்ஜின் இல்லை, இடம் தெரியவில்லை' என்று ஒரே குறிப்பைப் போட்டு வைத்திருந்தார். நோலீன் அந்த டின்னைக் கேட்டாள்.

"தலை இருக்க வால் ஆடலாமா அம்மணி?" என்றார் நெவில். "அதுல பூரா வாலுதான் கெடக்கு."

"எனக்கு வாலே போதும்" என்று டின்னை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள், அடைமழை. நெவிலையும் ஷர்லியையும் தவிர யாரும் வரவில்லை. அப்படி அந்த வாலில் என்னதான் தேடுகிறாய் என்று நெவில் கேட்டார். நோலீன் சொன்னாள். அழாமல், தலை நிமிராமல், லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். நெவில் எழுந்தார். சிகரெட்டை விட்டுப் பல வருஷமான மனிதர், சிகரெட் பிடிக்கப் போகிறவர்போல வெளியே போய், கூரைக்கடியில் சும்மா நின்றுவிட்டு வந்தார்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து மேஜையில் ஒரு மாற்றம். படங்களின் ஓரத்தை வெட்டுவது நின்றுபோயிற்று. மெய்ட்லண்டிலிருந்து வரும் டெஸ் தன் வீட்டு மேஜையின் அடி இழுப்பறையைக் கவிழ்த்துக் கொண்டுவந்தான். கார்டு வண்டி விழுந்த படம் எது கிடைத்தாலும், யாரும் எதுவும் சொல்லாமல், அது நோலீனின் இடத்துக்கு நகர்ந்து வந்தது. நெவில்கூடத் தன் சொந்த நெகட்டிவ்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார் என்று ஷர்லி ரகசியமாகச் சொன்னாள். வாயால் நன்றி சொன்னால் கூனிக்குறுகிப் போகிற ஜாதி அது. ஆகவே நோலீன் வாராவாரம் தேங்காய்ப்பூ நிறைய போட்டு லாமிங்டன் கேக் செய்துகொண்டு போனாள். அவர்களும் வாயைத் திறக்காமல் தின்றார்கள்.

நாலு வருஷத்தில் நூற்றுக்கணக்கான கார்டு வண்டிகள் வந்துபோயின. பாதிக்கு மேல் ஆளே இல்லை. மிச்சத்தில் இருந்தவர்கள் கிழவர்கள், தடியர்கள், தேதி பொருந்தாதவர்கள். ஏமாற்றம் பழகிவிட்டது என்று அவள் சொல்லுவாள். பழகவில்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. டின்னில் இருந்த ஒரு படத்தை மறுபடி திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பே இரண்டு முறை பார்த்துத் தள்ளி வைத்த படம். ரயில் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. கார்டு வண்டியின் பின்மேடையில் ஒருவர், முதுகு காமிராப் பக்கம், அந்தப் பக்கமாகக் குனிந்திருக்கிறார். வண்டிக்கு அப்பால் ஒரு வேலி. வேலியருகே ஒரு பெண், இடுப்பில் குழந்தை. பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குன்று. நெவிலுக்கு அந்த ஊர் தெரியவில்லை. அப்படி ஒரு ஊரே இந்தப் பாதையில் கிடையாது என்பது அவருடைய தீர்ப்பு.

நோலீன் அந்தப் பெண்ணின் உடுப்பைப் பெரிதாக்கினாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஏதோ ஒன்று முதலிலிருந்தே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"நெவிலு, இங்க பாரு. இந்தப் பொம்பளை ஆம்பளைச் சட்டை மாதிரிப் பொத்தான் போட்டிருக்கா."

"புருஷன் சட்டையா இருக்கும். எங்கம்மாகூட எங்கப்பன் சட்டையத்தான் போட்டுக்கிட்டுத் தோட்டத்துல நிப்பா."

"இடுப்பப் பிடிச்சுத் தச்ச பூப்போட்ட உடுப்பு இது. உங்கப்பாரு போடுவாரா?"

நெவில் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் உடுப்பில் பொத்தான் இடப்பக்கம், ஆண்கள் உடுப்பில் வலப்பக்கம். முப்பது வருஷம் அதைத்தான் அவள் தைத்திருந்தாள். உடுப்பு தப்பாக இருக்க வழியில்லை என்றால், படம்தான் தப்பு. நெகட்டிவைப் புரட்டிப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவரே கையை நீட்டி, ஒரு சொடுக்கில் படத்தை இடவலமாகத் திருப்பினார்.

குன்று இடத்திலிருந்து வலத்துக்கு வந்தது. "அட, வல்லபிரி" என்றார். தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் ரயில்வே வீடுகள், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எழுந்து போய், மெர்வின் வல்லபிரியில் எடுத்த இன்ஜின் படத்தைத் தேடி எடுத்துவந்தார். வளைவில் வரும் ரயில் அது. இன்ஜின் எண், தேதி எல்லாம் மெர்வின் எழுதியிருந்தார்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, ஏப்ரல். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கடைசி வேகன் இரண்டிலும் ஆட்டு வேகன், இரண்டிலும் கதவில் புதுப்பலகை போட்ட வெள்ளை ஒட்டு. முதல் படத்தில் தலை, இந்தப் படத்தில் வால். ஒரே ரயில்.

இதையெல்லாம் நோலீன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பிறகுதான் அந்தப் பெண்ணின் முகத்துக்கு வந்தாள்.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்றால், அவ்வளவு நாளும் அந்த முகம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருந்தது. அதாவது அம்மா தன்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி. இப்போதுதான் மகள் பார்த்த மாதிரி திரும்பியிருந்தது. வகிடு வலப்பக்கம். வாயோரம் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறும் சிரிப்பு. தெல்மாதான். இடுப்பில் இருப்பது யார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

"எங்கம்மா" என்றாள்.

நெவிலைப் பற்றி இவ்வளவு குறை சொல்லியாகிவிட்டது, இதையும் சொல்ல வேண்டும். அவர் கண் கலங்கியது, ஆனாலும் விடவில்லை. ஆசைக்காக ஒரு பேரை எழுதிவிடக்கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். "அம்மா சரி. வண்டில நிக்கிறது அவருதான்னு என்ன சாட்சி? போற வர்ற கார்டுக்கெல்லாம் ஊர்ப் பொம்பளைங்க சிரிக்கத்தான் செய்வாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே லென்ஸை வைத்துத் திரையைத் துழாவினார். கார்டின் கைக்கு வந்ததும் நிறுத்தினார். குனிந்திருந்த மனிதரின் கையில் ஒரு தகரப் பெட்டி. தெல்மாவின் வலது கை இன்னும் நீட்டியபடி, வெறுங்கையாக, விரல்கள் விரிந்து இருந்தது. பெட்டி அந்தக் கையை விட்டு அப்போதுதான் போயிருந்தது.

நெவில் லென்ஸைக் கீழே வைத்தார். "சாப்பாட்டுப் பெட்டி" என்றார். "வண்டி யார்டை விட்டு ஊர்ந்து வெளிய வரும்போது வேலியோரமா நின்னு கார்டு பொண்டாட்டி எட்டிக் குடுப்பா. ரயில்வே வீடுங்க இருக்கிற ஊர்ல எல்லாம் இதுதான் வழக்கம். அடுத்தவ புருஷனுக்கு எவளாச்சும் பெட்டி குடுத்தா அந்தத் தெரு பத்திக்கிட்டு எரியும். அது கிளாரிதான் அம்மணி. நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

ஷர்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைமுன் நின்றாள். மெர்வின் எடுத்த படம் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷன் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை, எங்கள் கல்யாணத்துக்கே தாமதமாகத்தான் வந்தார் என்றாள். நோலீன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷம் லாமிங்டனாகக் கொடுத்துவந்ததை அன்று வாயால் சொன்னாள்: மெர்வினுக்கு, தாமதமாக அழுத்தியதற்கு, ஷர்லிக்கு, அந்த டின்னைக் குப்பையில் போடாததற்கு, நெவிலுக்கு, கூரைக்கடியில் போய் நின்றதற்கு. நெவில் அதைக் கேட்காத மாதிரி பிரிண்டரில் காகிதம் வைத்துக்கொண்டிருந்தார்.

படம் வெளியே வந்தது. ஷர்லி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். குனிந்த முதுகு, தொப்பி, ஒரு காது. அவ்வளவுதான்.

"என்னமோ போ கண்ணு" என்றாள் ஷர்லி. "இத்தனை தேடியும் அவரு முகம் விழலையே."

நோலீன் படத்தை வாங்கி, வேலிப் பக்கம் விரலை வைத்தாள்.

"எங்கம்மா மூஞ்சியப் பாருங்க ஷர்லி" என்றாள். "அவரு எப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."